வட்டியில்லா முன்பணத்துக்கு நீங்கள் கட்டும் வட்டி

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமத்தில் இரண்டு ஜெர்சி கலப்பு மாடு வைத்திருக்கிறோம். வருஷம் முழுக்கச் சராசரி பார்த்தால் நாளைக்கு 12 லிட்டர் தேறும். நாத்தனார் மகளுக்குத் தாய்மாமன் சீர் செய்ய, இரண்டு வருஷம் முன்பு பால் வியாபாரியிடம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கினோம். வட்டி கிடையாது, பாலை அவருக்கே ஊற்ற வேண்டும், லிட்டர் 32 ரூபாய். பக்கத்து வீட்டுக்குச் சொசைட்டியில் 37 விழுகிறது. எங்கள் பாலுக்குக் கொழுப்பு 3.6 என்று விலையைக் குறைத்ததால்தான் விட்டோம். இப்போது ஒரு மாடு வற்றப் போகிறது. தையில் நாத்தனாரின் இரண்டாவது பெண்ணுக்குச் சீர். வியாபாரி இன்னும் 30,000 தருகிறேன் என்கிறார். வாங்கி, மிச்சத்தில் மூன்றாவது மாடு பிடிக்கலாமா? மகன் செல்போன் செயலியில் தங்கம் சேர்க்கச் சொல்கிறான்.

பதில்: வாங்காதீர்கள். லிட்டருக்கு 5 ரூபாய் குறைகிறது. 12 லிட்டருக்கு நாளைக்கு 60, மாதம் 1,800, வருஷத்துக்கு ஏறக்குறைய 21,900. நாற்பதாயிரத்துக்கு இது 55 சதவீத வட்டி! இரண்டு வருஷத்தில் 43,000-க்கு மேல் கொடுத்தாயிற்று. அசல் அப்படியே நிற்கிறது. மூன்றாவது மாடு வந்தால் அதன் பாலும் அவர் கேனுக்குத்தான் போகும்.

வீட்டில் ஒரு பவுன் நகை இருந்தால், கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்து 40,000 வாங்கி மொத்தமாக அடையுங்கள். 10 சதவீதம் என்றாலும் வருஷ வட்டி 4,000தான். சொசைட்டி விலையில் கூடுதலாக வரும் 1,800-ஐ மாதாமாதம் அதிலேயே கட்டினால் 25 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பணம் கொடுக்கும்போது ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த புரோநோட்டை அங்கேயே திரும்ப வாங்குங்கள். "அப்புறம் தருகிறேன்" என்றால் பணத்தையும் அப்புறமே கொடுங்கள்.

கொழுப்புக்கு வருவோம். ஜெர்சி கலப்புக்கு 3.6 குறைவு. கடைசியில் கன்றை அவிழ்த்து விடுகிறீர்களா? மடியில் முதலில் வருவது நீர்த்த பால், கொழுப்பு அதிகம் இருப்பது கடைசிப் பாலில்தான். அதைக் கன்று குடித்தால் கேனில் 3.6தான் காட்டும். கன்றை முதலில் ஊட்டிவிட்டு, பிறகு மடி வற்றும்வரை கறந்து, பாலை நன்றாகக் கலக்கி மாதிரி கொடுங்கள். வைக்கோலோ பசும்புல்லோ குறைந்து தவிடே அதிகமானாலும் கொழுப்பு இறங்கும்.

அடுத்து, வற்றும் மாடு. வியாபாரியிடம் மறுபடி போக வைப்பது, கன்று ஈனும் முன் பால் நின்றிருக்கும் இந்த இரண்டு மாதம்தான். பணமில்லை என்று அப்போது தீவனத்தைக் குறைப்பவர்கள் அடுத்த ஈத்து முழுக்கப் பாலில் இழக்கிறார்கள். நாளைக்கு 3 கிலோ அடர்தீவனம், 60 நாளைக்கு 180 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 5,400. ஆவின் 2023 டிசம்பரில் பசும்பாலுக்கு 35 ரூபாயோடு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 38 ஆக்கியதல்லவா? நகைக் கடன் அடைந்த பிறகு அந்த 3 ரூபாயைத் தொடாதீர்கள். ஒரு மாடு வருஷம் 2,190 லிட்டர் கொடுத்தால் 6,570 சேரும். அதன் வற்றுக்காலத் தீவனம் அதிலேயே அடங்கிவிடும். கடன் அடையும்வரை கையில் அது இருக்காது. அதற்குக் கால்நடைக்கான கிசான் கடன் அட்டை கேளுங்கள்: 7 சதவீதம், தவணை தவறாவிட்டால் 4. தீவனச் செலவுக்குத்தான் அது, சீருக்கு இல்லை.

செயலித் தங்கத்தில் வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போகிறது. 55 சதவீதம் ஒழுகும் வீட்டில் அதைப் பேசவே வேண்டாம், மகனை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீர் செய்யத்தான் வேண்டும், மறுக்கச் சொல்லவில்லை. ஆனால் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே உங்கள் கணவர் தங்கையிடம் நேரில் போய், "பால் காசில் இவ்வளவுதான் முடியும்" என்று தொகையைச் சொல்லிவிடட்டும். முதல் பெண்ணுக்குச் செய்த அளவுக்கு இல்லையே என்று அவர் வருத்தப்படுவார். அந்தச் சீரால் இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்பதையும் அவரிடமே சொல்லட்டும்.