ஜெர்மனியில் வேலை, குடியிருப்பு அனுமதி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தேசிய விசாவில் அடுத்த மாதம் கிளம்புகிறேன். போனதும் முதலில் எதை முடிக்க வேண்டும்?

பதில்: முகவரிப் பதிவை. 'அன்மெல்டுங்' என்பார்கள். வீட்டில் குடியேறிய நாளிலிருந்து 2 வாரம் அவகாசம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' படிவம்தான் வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அன்றைக்கே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வரி எண்ணும் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான் வரும் என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

கேள்வி: டிகிரிக்கு அப்போஸ்டில் வாங்கச் சொல்லி ஏஜென்ட் பணம் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். அப்போஸ்டில் என்பது ஓர் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அரசு முத்திரை. அதற்கான உடன்படிக்கையில் 2005-ல் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது; அதனால் இந்த இரு நாடுகளுக்கு இடையே அது செல்லுபடியாகாது. பட்டத்துக்கு ஜெர்மன் அதிகாரிகள் பார்ப்பது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், பட்டங்களின் மதிப்பைச் சொல்லும் 'அனாபின்' (anabin) தரவுத்தளம். இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தால் கல்லூரிப் பெயரில் தேடாமல், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரில் தேடுங்கள். 'எச் பிளஸ்' (H+, அங்கீகரிக்கப்பட்டது) என்று இருந்து, உங்கள் பட்டமும் பட்டியலில் இருந்தால் இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து வையுங்கள். இல்லையென்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் 'ஸாப்' (ZAB) அலுவலகத்தில் மதிப்பீட்டு அறிக்கை வாங்க வேண்டும்.

கேள்வி: சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது.

பதில்: பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே வேலை ஒப்பந்தம், வீடு, காப்பீடு எல்லாவற்றிலும் எழுத வையுங்கள். இனிஷியல் அங்கே பழக்கமில்லாத ஒன்று. அப்பா பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கோப்பில் வைத்தால் அந்த ஓர் எழுத்து எங்கிருந்து வந்தது என்று காட்டிவிடலாம்.

கேள்வி: விசா முடிய 3 வாரம்தான் இருக்கிறது. அயல்நாட்டவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, பயமாக இருக்கிறது.

பதில்: பயம் வேண்டாம், ஆனால் குடியிருப்பு அனுமதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். அப்பாயின்ட்மென்ட் கேட்டு அனுப்பும் மின்னஞ்சலை மட்டும் விண்ணப்பமாக நம்பியிருக்காதீர்கள். படிவத்தைப் பூர்த்தி செய்து, ஆவணங்களோடு, விசா முடியும் தேதிக்கு முன்பே அவர்கள் கைக்குச் சேர்த்துவிட வேண்டும். சேர்த்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால், முடிவு வரும்வரை பழைய விசாவின் உரிமைகள் தொடரும். அதற்கு அத்தாட்சியாக 'ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங்' கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றாவது, அதாவது குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 81(4), குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முதல் கட்டம் குறித்திருந்தால், ஊருக்குப் போய்விட்டு அந்தத் தாளை வைத்து மறுபடி ஜெர்மனிக்குள் நுழைய முடியாது.

கேள்வி: ப்ளூ கார்டுக்கு நேரில் என்னென்ன கொண்டுபோக வேண்டும் சார்?

பதில்: ப்ளூ கார்டு என்பது திறன்மிகு வெளிநாட்டுப் பணியாளருக்கான குடியிருப்பு அனுமதி. அதற்கு வேண்டியவை: பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பட்டம், அனாபின் அச்சு, காப்பீட்டு நிறுவனத்தின் உறுப்பினர் சான்று. விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு இங்கே போதாது. ஒப்பந்தம் குறைந்தது 6 மாதத்துக்கு இருக்க வேண்டும். சம்பள வரம்பு ஜனவரிதோறும் மாறும். 2025-ல் ஆண்டுக்கு 48,300 யூரோ, ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கு இன்னும் குறைவு. அச்சிட்ட புகைப்படம் வேண்டாம், 2025 மே முதல் டிஜிட்டல் படம்தான். கட்டணம் 100 யூரோ.

கேள்வி: ஒப்பந்தம் நிரந்தரம், ஆனால் கார்டு 11 மாதத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஏன்?

பதில்: உங்கள் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பாருங்கள். அதைத் தாண்டி கார்டு தரமாட்டார்கள். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் 4 ஆண்டு வரை கிடைத்திருக்கும். கார்டோடு வரும் பச்சைத் தாளை வீசிவிடாதீர்கள். வேலை நிபந்தனைகள் அதில்தான் இருக்கின்றன.

கேள்வி: எட்டாவது மாதத்தில் கம்பெனி மாறலாமா?

பதில்: மாறலாம். முதல் 12 மாதத்துக்குள் என்றால் அயல்நாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர்கள் 30 நாள் வரை நிறுத்திவைத்துப் பரிசீலிக்கலாம். அதனால் புது ஒப்பந்தத்தை அனுப்பி அவர்கள் நிலையைத் தெரிந்துகொண்ட பிறகே பழைய வேலையை ராஜினாமா செய்யுங்கள்.