அமிகா போன்ற நின்றுபோன வீட்டுக் கணினியை, யாராவது பெரிய பணம் போட்டு மறுபடி கொண்டுவர முடியாதா?

பணம் போட ஆள் இல்லாமல் அமிகா நிற்கவில்லை. போட்டவர்கள் நிறையப் பேர். அமிகாவைத் தயாரித்த கமோடோர் நிறுவனம் 1994 ஏப்ரலில் திவாலானது. அடுத்த வருடம் ஜெர்மனியின் கணினி நிறுவனமான எஸ்காம் அமிகாவை வாங்கியது, 1996-இல் எஸ்காமும் திவால். 1997-இல் அமெரிக்காவின் கேட்வே வாங்கியது, 1999 முடிவில் அதுவும் கைமாற்றிவிட்டது. அமிகா மேல் எனக்குத் தீராத ஆசை உண்டு, அதனால் இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். எப்படிப் போட்டாலும் ஒரே இடத்தில்தான் இடிக்கிறது: எத்தனை பேர் வாங்குவார்கள்?

கோயம்புத்தூரில் சின்ன அளவில் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு செய்கிறேன். சில வருடம் முன்பு பம்ப் கண்ட்ரோலர் ஒன்றுக்குப் பிளாஸ்டிக் பெட்டி தேவைப்பட்டது. மோல்டு, அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு, அடிக்க நாலரை லட்சம் ஆனது. ஒரு பெட்டிக்கான பிளாஸ்டிக்கும் கூலியும் நாற்பது ரூபாய்க்குள்தான். ஆனால் விற்றது மொத்தம் 300 பெட்டி. அப்படியென்றால் பெட்டி ஒன்றின் தலையில் மோல்டு செலவு மட்டும் 1,500 ரூபாய். முப்பதாயிரம் விற்றிருந்தால் அதே செலவு பதினைந்து ரூபாய். மோல்டுக்கு நீங்கள் எத்தனை விற்கிறீர்கள் என்பது தெரியாது, அதன் விலை ஒன்றேதான்.

இது வெறும் மூடி போட்ட பெட்டி. ஒரு கணினிக்குக் கூடு, விசைப்பலகை, பலகை, சிப் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு முதல் செலவு இருக்கிறது.

கமோடோர் இதை எப்படிச் சமாளித்தது? 1976-லேயே பென்சில்வேனியாவில் இருந்த எம்.ஓ.எஸ். டெக்னாலஜி என்ற சிப் நிறுவனத்தை வாங்கி வைத்திருந்தது. அமிகாவின் உயிரே ஆக்னஸ், டெனிஸ், பாலா என்ற மூன்று சிப்கள்தான். படமும் ஒலியும் அவற்றின் வேலை. சொந்த ஆலை, லட்சக்கணக்கில் விற்பனை இரண்டும் இருந்ததால்தான் 1987-இல் அமிகா 500-ஐ 699 டாலருக்குக் கொடுக்க முடிந்தது. மக்கள் அமிகாவை விரும்பியதற்கு அந்த விலையும் ஒரு காரணம். மறுபடி கொண்டுவருபவர் முதலில் இழப்பது அதைத்தான்.

எஸ்காம் காலத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1992-இல் 399 பவுண்டுக்கு வந்த அமிகா 1200-ஐ, 1995-இல் மறுபடி தயாரித்து அதே 399 பவுண்டுக்கு விற்றார்கள். நெகிழ்வட்டு டிரைவ் மட்டும் பழையது இல்லை. சாதாரண பி.சி. டிரைவைக் கொஞ்சம் மாற்றிப் பொருத்தினார்கள். அந்த டிரைவிலிருந்து 'தயார்' என்ற சிக்னல் சரியாக வரவில்லை. அந்த சிக்னலுக்காகக் காத்திருக்கும்படி எழுதப்பட்ட சில விளையாட்டுகள் ஏறவே இல்லை. சந்தையில் கிடைத்த பாகத்தை வைத்துச் சமாளிக்கப் போய், அமிகா வாங்குபவர் எதற்காக வாங்கினாரோ அதுவே ஓடாமல் போனது.

அப்புறம் பவர்பிசி என்ற வேறு வகைச் சிப்புக்கு மாறிய கதை. அந்தச் சிப்பில் ஓடும் அமிகா ஓ.எஸ். 4 என்ற இயங்குதளத்துக்கான வேலை 2001-இல் தொடங்கியது. முழுமையான பதிப்பு வந்தது 2006 டிசம்பரில். அதற்குள், அது ஓடவேண்டிய அமிகாஒன் என்ற கணினிப் பலகைகளின் விற்பனை நின்றுவிட்டது. ஐந்து வருட உழைப்பு முடிந்து வெளியே வரும்போது, புதிதாக ஒருவர் கடைக்குப் போய் வாங்க இயந்திரம் இல்லை. 2007-இல் அந்த ஓ.எஸ். யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வேறு. 2009-இல் சமரசம் ஆனது, பின்னாளில் மறுபடி வழக்கு. வக்கீலுக்குப் போன ஒவ்வொரு காசும் புரோகிராமருக்குப் போயிருக்க வேண்டிய காசு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்து வந்த அமிகாஒன் எக்ஸ்1000-க்கு பி.ஏ. செமி நிறுவனத்தின் சிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல சிப். ஆனால் 2008-இலேயே ஆப்பிள் அந்த நிறுவனத்தை 27.8 கோடி டாலர் கொடுத்து வாங்கிவிட்டது. அந்த சிப்புக்கு அடுத்த தலைமுறை என்று ஒன்று வரவே இல்லை. சிறிய வாடிக்கையாளரின் நிலை இதுதான். சிப் கம்பெனியிடம் சில நூறு வாங்குபவர் 'நிறுத்தாதீர்கள்' என்று சொன்னால் எடுபடாது. எக்ஸ்1000-இன் விலையும் 1,500 பவுண்டுக்கு மேல் போனது. அந்தக் காசுக்கு அதைவிட வேகமான பி.சி. கிடைக்கும்போது தீவிர ரசிகரைத் தவிர யார் வாங்குவார்கள்? வாங்குபவர் குறைந்தால் விலை இன்னும் ஏறும்.

சரி, அப்படியானால் ஒன்றுமே முடியாதா? முடிகிறது, ஆனால் வேறு வழியில். எஃப்.பி.ஜி.ஏ. என்ற சிப்பைக் கடையில் வாங்கி, அதற்குள் பழைய சிப்களின் சுற்றையே எழுதிவிடலாம். சிப் ஆலை வேண்டாம். அமிகாவுக்கான வேம்பயர் பலகைகள் இப்படித்தான் வந்தன. இன்னொரு வழி, பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு தயாரிப்பது. ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பழைய வீட்டுக் கணினியின் புது வடிவமான ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் 2017-இல் கூட்டு நிதி மூலம் 7 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. எத்தனை செய்ய வேண்டும் என்பது முன்பே தெரிந்ததால் மோல்டு செலவைச் சரியாகப் பங்கு போட முடிந்தது. அப்படியும் கணினி வாங்கியவர்கள் கைக்கு வர 2020 ஆகிவிட்டது. தாமதத்துக்கு முக்கியக் காரணம் விசைப்பலகை.

2022-இல் வந்த, அமிகா 500-இன் குட்டி வடிவமான ஏ500 மினியைப் பாருங்கள். உள்ளே மொபைல்களில் இருப்பது போன்ற சாதாரண ஏ.ஆர்.எம். சிப், 25 விளையாட்டுகள், கைக்கு அடக்கமான விலை. பெட்டியின் மேல் அமிகா என்ற பெயர் கிடையாது. அந்தக் குட்டி விசைப்பலகையும் வெறும் அலங்காரம், அழுத்தினால் அசையாது. தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் யூ.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றை நாம்தான் செருகிக்கொள்ள வேண்டும்.