தோற்றுக்கொண்டே இருந்த கான்சஸ் ஸ்டேட்டை பில் ஸ்னைடர் எப்படி நிமிர்த்தினார்? கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிப் பேச்சு வந்தபோது, கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்த பில் ஸ்னைடர் பெயரைச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இது நம் ஊர் கால்பந்து இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.

கேள்வி: சார், தோற்கிற அணி எங்கேதான் இல்லை? கான்சஸ் ஸ்டேட் அப்படி என்ன மோசம்?

மோசம் என்றால் சாதாரண மோசம் இல்லை. முதல்தரப் பிரிவில் 500 தோல்வியை முதலில் தொட்ட கல்லூரி அதுதான். 1989 வரை அவர்கள் ஆடிய பவுல் ஆட்டம் ஒன்றே ஒன்று, 1982இல். (சீசன் முடிந்ததும் நன்றாக ஆடிய அணிகளை அழைத்து நடத்துவதுதான் பவுல்.) அதிலும் விஸ்கான்சினிடம் தோற்றார்கள். 1987இல் ஒரு வெற்றிகூட இல்லை. பக்கத்து ஊர்க் கான்சஸ் பல்கலைக்கழகத்தோடு 17-17 என்று சமன் செய்ததுதான் அந்த ஆண்டின் சாதனை. 1988இல் 11 ஆட்டம், 11 தோல்வி.

ஊர் பெயர் மன்ஹாட்டன். நியூயார்க்கில் இருப்பது அல்ல, கான்சஸ் மாநிலத்தில் புல்வெளிகளுக்கு நடுவே இருக்கும் சிறிய கல்லூரி ஊர். நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, கொலராடோ மாதிரி மலைகள் இருந்த 'பிக் எய்ட்' கூட்டமைப்பில் இவர்கள் ஆட வேண்டியிருந்தது. பேசாமல் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடலாம் என்ற பேச்சுகூட அப்போது இருந்தது.

கேள்வி: ஸ்னைடரின் முதல் வருஷம் 1-10 (ஒரு வெற்றி, பத்துத் தோல்வி) என்று படித்தேன். எங்கள் ஊராக இருந்தால் தீபாவளிக்குள் ஆளை மாற்றியிருப்பார்கள். அவரை ஏன் விட்டு வைத்தார்கள்?

நல்ல கேள்வி. இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடுகிற இடம் இதுதான்.

கல்லூரித் தலைவர் ஜான் வெஃபால்ட் 1986இல் பொறுப்புக்கு வந்தவர். ஃபுட்பால் சரியானால் கல்லூரியின் பெயரும் சேர்ந்து சரியாகும் என்று நம்பியவர். விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் மில்லர்தான் அயோவாவில் ஹேடன் ஃப்ரையிடம் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளராக இருந்த ஸ்னைடரைப் பிடித்து வந்தார். 49 வயது மனிதர். கல்லூரி ஃபுட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்து பழக்கப்பட்டவர் இல்லை. ஆனால் வருவதற்கு முன்பே பயிற்சி வசதி, உதவிப் பயிற்சியாளர்களின் சம்பளம் என்று எல்லாவற்றையும் பேசிவிட்டுத்தான் வந்தார். கையெழுத்துப் போட்ட பிறகு கெஞ்சினால் யாரும் தரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேலே இருந்தவர்களும் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கவில்லை.

அந்த ஒரு வெற்றியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989 செப்டம்பர் 30, எதிரணி நார்த் டெக்சஸ். அதற்கு முன் 30 ஆட்டங்களாக வெற்றி இல்லை. இரண்டு வாரம் முன்புதான் கீழ்ப் பிரிவைச் சேர்ந்த நார்தர்ன் அயோவாவிடம் 10-8 என்று சொந்த ஊரிலேயே மானம் போயிருந்தது. இந்த ஆட்டத்திலும் பின்தங்கியே இருந்தார்கள். கடைசிப் பந்தில், கடிகாரத்தில் நேரமே இல்லாதபோது, கார்ல் ஸ்ட்ரா வீசிய பாஸை ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் பிடித்து டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது). 20-17. நார்த் டெக்சஸும் அப்போது கீழ்ப் பிரிவு அணிதான். அதனால் என்ன? மாணவர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து உலகக் கோப்பையே ஜெயித்தது போலக் கொண்டாடினார்கள்.

கேள்வி: அண்ணா, நல்ல பிளேயர் யாரும் அங்கே போக மாட்டானே. ஆளை எங்கிருந்து பிடித்தார்?

போக மாட்டான்தான் தம்பி. டெக்சஸிலோ ஃப்ளோரிடாவிலோ பள்ளி முடிக்கிற முதல் வரிசைப் பையனுக்குக் கான்சஸ் ஸ்டேட் என்றால் சிரிப்புதான் வரும். அதனால் ஸ்னைடர் வேறு இரண்டு வாசல்களில் நின்றார்.

ஒன்று, ஜூனியர் காலேஜ். நம் ஊரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு இன்ஜினியரிங்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்வார்களே, அந்த மாதிரி. மதிப்பெண் போதாமலோ, உடம்பு தேறாமலோ பெரிய கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் இரண்டு ஆண்டு அங்கே ஆடிவிட்டு வருவார்கள். கான்சஸ் மாநிலத்திலேயே அப்படி நிறைய கல்லூரிகள் உண்டு. மற்றவர்கள் ஓட்டையை அடைக்க ஒன்றிரண்டு பேரை எடுத்தபோது, இவர் அதையே முக்கிய வழியாக்கினார். 1997, 98இல் அணியைத் தூக்கிய குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துகிறவர்) மைக்கேல் பிஷப் டெக்சஸின் பிளின் கல்லூரியிலிருந்து வந்தவர். அங்கே இரண்டு முறை ஜூனியர் காலேஜ் தேசியப் பட்டம் வென்ற கை. இங்கே வந்து, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம் வரை போனார்.

இன்னொன்று, வாக்-ஆன். அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் இடம் தேடுகிற பையன்கள். ஜோர்டி நெல்சன் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பத்துப் பையன். அப்படித்தான் உள்ளே வந்தார். பிறகு கிரீன் பே பேக்கர்ஸுக்காக, தொழில்முறை ஆட்டத்தின் பட்டமான சூப்பர் பவுலை வென்றார்.

கேள்வி: ஈஸியான அணிகளோடு ஆடித்தானே கணக்கு ஏற்றினார்? இதில் என்ன பெருமை?

குற்றச்சாட்டு உண்மை, மறுக்கமாட்டேன். அப்போது 11 ஆட்டத்தில் 7 கூட்டமைப்புக்குள், மீதி 4 கல்லூரியே பேசி வைத்துக்கொள்வது. பழைய கான்சஸ் ஸ்டேட் அந்த நான்கையும் பலமான அணிகளோடு வைத்துக்கொண்டு, பணத்துக்காக அடி வாங்கப் போகும். ஸ்னைடர் அதை நிறுத்தினார். ஜெயிக்கக்கூடிய அணிகளை வீட்டுக்கே வரவழைத்தார். 1998இல்கூட இந்தியானா ஸ்டேட்டை 66-0, நார்தர்ன் இல்லினாயை 73-7. பத்திரிகைகள் கிழித்தன.

என் கருத்து: தொடக்க ஆண்டுகளில் அது சரியான முடிவு. ஜெயித்தே பார்க்காத பையனுக்கு ஜெயிப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். வெளியே நான்கும் கூட்டமைப்பில் இரண்டு மூன்றும் வென்றால் பவுல் கைக்கெட்டும். 1990இல் 5-6. 1991இல் 7-4, அப்படியும் பவுல் அழைப்பு வரவில்லை. 1992இல் திரும்பவும் 5-6. 1993இல் 9-2-1 (கடைசி எண் சமன்), காப்பர் பவுலில் வயோமிங்கை 52-17. அங்கிருந்து தொடர்ந்து 11 ஆண்டுகள் பவுல். ஆனால் தேசியப் பட்டத்துக்கு மோதுகிற நிலை வந்த பிறகும் அதே அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருந்தது கொஞ்சம் அதிகம்தான்.

கேள்வி: நான் பள்ளியில் பி.டி. வாத்தியார். அவர் தினசரி என்ன செய்தார் என்று சொன்னால் எனக்குப் பயன்படும்.

சார், உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அணிக்கு 16 இலக்குகள் என்று எழுதி வைத்திருந்தார். ஈடுபாடு, சுயநலமின்மை, ஒற்றுமை, ஒவ்வொரு நாளும் முன்னேற்றம், தவறுகளைக் குறைத்தல் என்று போகும். பட்டம், கோப்பை, எத்தனை வெற்றி என்று ஒன்றும் அதில் கிடையாது. எல்லாமே ஒரு பையன் இன்று மாலை பயிற்சியில் செய்யக்கூடியவை. 1989இல் "சாம்பியன் ஆவோம்" என்று சுவரில் எழுதியிருந்தால் பையன்களே நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் ஆட்டத்துக்குள். திறமையில் பின்தங்கிய அணி எங்கே ஈடுகட்ட முடியும் என்று தேடினார். பெனால்டி வாங்காதே, பந்தை நழுவ விடாதே, உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடுகிற இடங்களில் ஆதாயம் பார். இவை மூன்றும் பெரிய உடம்பு கேட்பதில்லை.

நான்காவது கொஞ்சம் நுணுக்கம். வழக்கமாக குவார்ட்டர்பேக் பந்தை ஓடுகிறவனிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். அதனால் எதிரணிக்கு ஒரு ஆள் மிச்சம்: அவர்களுடைய 11 பேரும் தடுக்க வருவார்கள், நம் பக்கம் ஓடுகிறவனுக்கு வழிவிடப் போதுமான ஆள் இருக்காது. குவார்ட்டர்பேக்கே பந்தோடு ஓடினால், வழக்கமாக ஓடுகிறவன் முன்னால் போய்த் தடுப்பாளரை மோதித் தள்ளலாம். கணக்கு சமமாகிவிடும். பிஷப்பும், பின்னாளில் காலின் கிளைனும் இப்படித்தான் ஆடினார்கள். இன்று எல்லாக் கல்லூரியிலும் இது சாதாரணம். அன்று இவ்வளவு நம்பி ஆடியவர்கள் குறைவு.

கேள்வி: 1998 பற்றிச் சொல்லுங்க. பார்த்தவர்கள் இன்னும் அழுகிறார்களாமே?

அழத்தான் செய்வார்கள். நவம்பர் 14 அன்று நெப்ராஸ்காவை 40-30 என்று வென்றார்கள். 1969 முதல் 29 ஆண்டு தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த எதிரணி! கடைசி நேரத்தில் ஜெஃப் கெல்லி கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டதும் அரங்கமே இறங்கி வந்துவிட்டது. சீசன் 11-0. ஒரு தரவரிசையில் நம்பர் 1.

டிசம்பர் 5, செயின்ட் லூயிஸ், பிக் 12 (பழைய பிக் எய்ட் விரிவடைந்த கூட்டமைப்பு) இறுதி ஆட்டம், எதிரே டெக்சஸ் ஏ அண்ட் எம். நான்காவது கால்பகுதியில் 27-12 முன்னிலை. அன்றே போட்டியில் இருந்த இன்னொரு கல்லூரியான யு.சி.எல்.ஏ. தோற்றுவிட்டதால் தேசிய இறுதிக்கான கதவும் திறந்திருந்தது. பிறகு 27-27. இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஏ அண்ட் எம்மின் சர் பார்க்கர் ஒரு பாஸைப் பிடித்து மூலைக் கம்பத்தை நோக்கிப் பாய்ந்தார். 36-33. அதோடு முடிந்தது. பெரிய பவுல்கள் எதுவும் கூப்பிடாமல் அலமோ பவுலுக்குத் தள்ளப்பட்டார்கள். இப்படி மேலே இருக்கும் அணி இனி விடுபடக் கூடாது என்று பிறகு விதியையே மாற்றினார்கள். அதற்குப் பேச்சுவழக்கில் 'கான்சஸ் ஸ்டேட் விதி' என்று பெயர்.

கேள்வி: மனிதர் எப்படி? கண்டிப்பா, கனிவா?

இரண்டும். எதிரணியில் அடிபட்ட பையனுக்குக்கூட ஊதா மையில் கைப்பட கடிதம் எழுதுவார். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் நடுராத்திரி, வேலை நேரம் மிச்சமாகும் என்று. கூட வேலை பார்த்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். 2017இல் வேறு கல்லூரிக்கு மாறக் கேட்ட ஒரு வீரரைத் தடுத்து நின்று, ஊரே திட்டிய பிறகுதான் விட்டார். அது அழகாக இல்லை.

கேள்வி: அவர் போனதும் அணி விழுந்துவிட்டது என்கிறார்களே. அப்படியென்றால் என்ன கட்டினார்?

2005 முடிவில் ஓய்வு பெற்றார். அடுத்த மூன்று ஆண்டில் அணி 17-20. 2009இல் 69 வயதில் திரும்ப அழைத்தார்கள். 2012இல் மறுபடி பிக் 12 பட்டம். 2018இல் இறுதியாக விலகியபோது மொத்தக் கணக்கு 215-117-1. ஆனால் அதற்குப் பின் வந்த கிறிஸ் கிளைமன் 2022இல் பட்டம் வென்றார். ஆக இரண்டாம் முறை விட்டுச் சென்றது நின்றது. அவரிடம் உதவியாளராக இருந்தவர்களையும் பாருங்கள்: பாப் ஸ்டூப்ஸ் ஓக்லஹோமாவில் 2000இல் தேசியப் பட்டம், மார்க் மான்ஜினோ பக்கத்துக் கான்சஸ் பல்கலைக்கழகத்தை 2007இல் 12-1க்குக் கொண்டு போனார்.

கேள்வி: ஒரு இடத்தில் சாதித்தவர் எங்கே போனாலும் சாதிப்பாரா?

இல்லை. ஸ்காட் ஃப்ராஸ்டைப் பாருங்கள். 2015இல் 0-12 ஆக இருந்த சென்ட்ரல் ஃப்ளோரிடாவை 2017இல் 13-0 ஆக்கினார். பிறகு தான் ஆடிய நெப்ராஸ்காவுக்கே போய் 16-31 என்று முடித்தார். பயிற்சியாளர் பாதி, இடம் பாதி.

கேள்வி: இந்தியானாவில் சிக்னெட்டி இரண்டே வருஷத்தில் செய்துவிட்டாரே. ஸ்னைடருக்கு ஏன் அவ்வளவு காலம்?

காலம் வேறு சார். 2023இல் 3-9 ஆக இருந்த இந்தியானாவை கர்ட் சிக்னெட்டி 2024இல் 11-2 ஆக்கினார். 2025 சீசனில் 16-0, இறுதியில் மயாமியை 27-21 என்று வென்று தேசியப் பட்டம். அசாத்தியம், சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது வீரர்கள் ஓர் ஆண்டுகூட உட்காராமல் கல்லூரி மாறலாம், பணமும் வாங்கலாம். அவர் ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன் பையன்களையே பத்துப் பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு வந்தார். ஹைஸ்மன் வென்ற ஃபெர்னாண்டோ மெண்டோசா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர். ஸ்னைடர் காலத்தில் அப்படி மாறினால் பொதுவாக ஓர் ஆண்டு வெளியே உட்கார வேண்டும். அதனால்தான் அவருக்கு ஜூனியர் காலேஜ் வாசல். பட்டம் என்று பார்த்தால் சிக்னெட்டி மேலே. கிடங்கு காலியாக இருந்தபோது ஓட்டியதைப் பார்த்தால் என் ஓட்டு இன்னும் ஸ்னைடருக்கு.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்க?

2003 பிக் 12 இறுதி. தோல்வியே காணாமல் நம்பர் 1 ஆக வந்த ஓக்லஹோமாவை 35-7 என்று உரித்தார்கள். எதிர்ப் பக்கம் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, அவருடைய பழைய உதவியாளர் ஸ்டூப்ஸ்தான். டேரன் ஸ்ப்ரோல்ஸ் என்ற குள்ளமான பையன் 235 கஜம் ஓடினான். முதல் கால்பகுதியில் ஓக்லஹோமா ஒரு டச்டவுன் போடும். அதைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்.