காய்கறி மாதம்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூரின் பொங்கோலில் வசிக்கிறேன். சென்ற மாதம் ஆறு வயது மகளுடன் வார இறுதி உழவர் சந்தை ஒன்றுக்குப் போயிருந்தேன். விளைவித்தவரிடமே வாங்குவதும், அறிமுகமில்லாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதும் மகிழ்ச்சியாக இருந்தன. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே வெயிலும் மழையுமான இந்த ஊரில் பருவகால உணவு என்பதற்குப் பொருள் உண்டா? இங்கே எல்லாம் எப்போதும் கிடைக்கிறதே. அம்மா இருந்தவரை எந்த மாதம் எதைச் சமைப்பது என்பதை அவர் பார்த்துக்கொண்டார். இப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் உள்ள ஈரமும் நெரிசலும் கடைக்காரர்களின் கடுகடுப்பும் எனக்கு ஒத்துவருவதில்லை. மகளுக்குப் பருவங்களைக் கற்றுக்கொடுக்க எந்தச் சந்தைக்கு அழைத்துச் செல்லலாம்? பிளாஸ்டிக் உறை, பூச்சிமருந்து இல்லாத காய்கறி பற்றியும் சொல்லுங்கள்.

பொங்கோல் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த இரண்டு வரிகளில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஒரு வீட்டின் நாட்காட்டியைத் தலையில் வைத்திருந்தவர் போன பிறகு, சமையலறையில் எல்லாப் பாத்திரங்களும் இருந்தும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் அந்த நிலை எனக்குத் தெரியும். என் அம்மா இறந்த ஆண்டு புரட்டாசி பிறந்து ஆறு நாட்களுக்குப் பிறகுதான் அது புரட்டாசி என்பதே எனக்குத் தெரிந்தது. ஆகவே உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எனக்கு வெறும் மரியாதைக்காகச் செய்யும் காரியம் அல்ல.

பிளாஸ்டிக் உறையைப் பற்றியும் பூச்சிமருந்தைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். காய்கறியை நன்றாகக் கழுவிச் சமையுங்கள். நீங்கள் போய்வந்த உழவர் சந்தையின் மீதும் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. உழவர் சந்தை என்ற பெயருக்குத் தமிழ்நாட்டில் திட்டமான பொருள் இருக்கிறது: 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய அந்தச் சந்தைகளில், அடையாள அட்டை பெற்ற விவசாயி தரகர் இல்லாமல் தன் விளைச்சலைத் தானே விற்கிறார். இங்கே உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2030-க்குள் 30 விழுக்காட்டை நாமே விளைவிப்பது என்று 2019-ல் அறிவித்த இலக்குகூட 2025 நவம்பரில் கைவிடப்பட்டு, 2035-க்கு வேறு இலக்குகள் வைக்கப்பட்டன. ஆகவே பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங்கில் மண்ணில் கைவைத்து வேலை செய்யும் சிலரை உங்கள் மகள் நேரில் பார்ப்பது நல்லதுதான். அங்கே தாராளமாகப் போய்வாருங்கள்.

ஆனால் இந்த ஊரில் பருவம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் கடந்துபோக முடியவில்லை. படித்தவர்கள் பலர் இதைச் சொல்லக் கேட்டுவிட்டேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. பருவம் என்பது மரத்தின் இலை நிறம் மாறுவது என்று யார் உங்களுக்குச் சொன்னது? ஏப்ரலில் தேக்காவில் மாம்பழப் பெட்டிகள் இறங்கி ஜூனுக்குப் பிறகு குறைந்துவிடுவதும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலேசியாவின் ஜொகூரிலிருந்தும் பகாங்கிலிருந்தும் டுரியானும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வந்து குவிவதும், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கேமரன் மலைக் காய்கறியும் ஜொகூர்க் கீரையும் விலை ஏறுவதும், தை பிறக்கும் முன் கேம்பல் லேனில் கரும்புக் கட்டுகளும் இலையோடு கூடிய மஞ்சள் கொத்துகளும் சாய்த்து வைக்கப்படுவதும் பருவம் இல்லாமல் வேறு என்ன? பேரங்காடியில் ஆண்டு முழுவதும் ஒரே விளக்கின் கீழ் ஒரே அடுக்கில் இருக்கும் தக்காளியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் எப்போதும் கிடைக்கிறது என்று எழுதுகிறீர்கள். கிடைப்பது வேறு, அது எந்த நிலையில் எந்த விலையில் வருகிறது என்பது வேறு. இந்த வேறுபாட்டை உங்கள் அம்மா அறிந்திருந்தார், ஏனென்றால் அவர் ஒவ்வொரு வாரமும் ஒருவரிடம் கேட்டு வாங்கினார்.

நான் பலகாலமாக மனத்தில் வைத்திருக்கும் விஷயம் இதுதான். இந்த ஊரில் பருவத்தின் பாதி வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் வருகிறது; மறுபாதி, ஒரே நேரத்தில் ஒரே பொருளைத் தேடி வரும் மனிதர்களிடமிருந்து வருகிறது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனக் காய்கறிக்காரம்மா.

1915-ல் கட்டப்பட்ட பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை, இப்போதைய தேக்கா நிலையத்துக்குச் சாலையின் எதிர்ப்புறம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அம்மாவின் கூடையைப் பிடித்துக்கொண்டு நான் அங்கே போவேன். அந்த அம்மாளின் கீரை போத்தோங் பாசிர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தது. ஆற்றுவெள்ளம் தோட்டத்துக்குள் புகுந்தால் அவருடைய பலகை காலியாகிவிடும், அன்று எங்கள் வீட்டில் பருப்பு மட்டும்தான். 1978 டிசம்பர் 2 அன்று ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, அடுத்த சில நாட்களுக்கு அம்மா சந்தைக்குப் போய் வெறுங்கூடையோடு திரும்பி வந்தார். மழையின் அளவை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன், அந்த வெறுங்கூடை மட்டும் அன்றே மனத்தில் பதிந்துவிட்டது.

அந்தக் காய்கறிக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இருவரும் பசார் மலாயில், அதாவது சந்தையில் புழங்கும் எளிய மலாயில், பேசிக்கொண்டார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் அம்மாவிடம் "பூலான் சாயோர்" வருகிறது என்று சொல்லுவார். காய்கறி மாதம் என்று பொருள். புரட்டாசிக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. தமிழ் மாதங்களின் பெயர் ஒன்றுகூட அறியாத ஒருவர், ஆட்டிறைச்சிக் கடையில் கூட்டம் குறைந்து தம் பலகையில் கூட்டம் பெருகும் நாட்களைக் கணக்கு வைத்து, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாழைக்காயும் கூடுதலாகச் சொல்லி வைத்து, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலின் சனிக்கிழமைகளுக்கு எங்களை ஆயத்தப்படுத்தினார். எங்கள் வீட்டில் நாட்காட்டி மாட்டியிருந்தது. ஆனாலும் அம்மா அவர் சொன்ன பிறகுதான் பாத்திரங்களைப் புளிபோட்டுத் தேய்க்கத் தொடங்குவார்.

அவருக்கும் ஒரு சைவக் காலம் உண்டு. சீனர்களின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாட்களில் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கு நோன்பிருந்து வெள்ளை உடுத்துவார். பெரும்பாலான ஆண்டுகளில் அதுவும் நம் நவராத்திரியும் ஒரே அமாவாசையை ஒட்டித் தொடங்கும்; 2024-ல் இரண்டும் அக்டோபர் 3 அன்றே தொடங்கின. 2025-ல் சீன நாட்காட்டியில் ஒரு மாதம் கூடுதலாக வந்ததால் நவராத்திரி செப்டம்பர் 22-லும், அவர்களுடைய விழா தீபாவளிக்கு மறுநாளான அக்டோபர் 21-லும் தொடங்கின. இப்போது நான் வாங்கும் கடைக்காரர், "இந்த வருஷம் ரெண்டு தடவை சைவம்" என்று முன்கூட்டியே சொன்னார். பஞ்சாங்கத்தையும் சீன நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது. இவரையும் இவரைப் போன்றவர்களையும்தான் நீங்கள் கடுகடுப்பானவர்கள் என்கிறீர்கள். விடியுமுன்னே எழுந்து சரக்கு இறக்கியவரிடம், கைப்பேசியால் படம் எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்குக் கறிவேப்பிலை கேட்டு, விலை சொன்னதும் முகம் சுளித்து நகர்பவர்களை நான் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன். நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு முறை போய் ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதற்காக ஒரு சந்தையையே தள்ளிவைப்பது நியாயமில்லை. ஒரே மேசையில் அமர்ந்து ஒருநாள் பேசியவரின் பெயர் இன்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?

என் அப்பாவுக்கு வேலை இல்லாமல் போன ஏழெட்டு மாதங்கள் அந்தக் காய்கறிக்காரம்மா எங்களுக்குக் கடனுக்குக் கொடுத்தார். அவருடைய குறிப்பேட்டில் எங்கள் பெயருக்குப் பதில் ஒரு சிறிய முருங்கைக்காய் வரையப்பட்டிருக்கும். தீபாவளிக்கு முன் அம்மா முறுக்குத் தட்டோடு போய் முழுப் பணத்தையும் கொடுத்தபோது, அவர் எண்ணிப் பார்த்து இருபது காசைத் திருப்பி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அது இருக்கட்டும், எல்லாவற்றையும் தீர்த்துவிட்டால் நீ வேறு கடைக்குப் போய்விடுவாய் என்றார். அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் கணக்கு இருபது காசில் வந்து நின்றது. 1982-ல் சந்தை இப்போதைய கட்டடத்துக்கு மாறியபோது அம்மா இருபது காசை முந்தானையில் முடிந்துகொண்டு காய்கறி வரிசை முழுவதும் இரண்டு முறை நடந்தார். அந்த அம்மாள் புதிய இடத்துக்கு வரவில்லை. எங்கே போனார் என்று பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் தெரியவில்லை. அந்தக் காசு அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் நெடுங்காலம் கிடந்தது. இப்போது அந்தப் பெட்டி என்னிடம் இருக்கிறது.

எந்தச் சந்தை என்று கேட்டிருந்தீர்கள். பொங்கோலிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் லிட்டில் இந்தியா நிலையம் வரை மாறாமல் வரலாம். சனி, ஞாயிறு வேண்டாம். பள்ளி விடுமுறையில் ஒரு வாரநாள் காலை ஏழு மணிக்கு மகளை அழைத்து வாருங்கள். ஈரத்தரைக்கு ஏற்ற செருப்பைப் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு கடையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஓர் ஆண்டுக்கு அங்கேயே வாங்குங்கள். இன்று எது நன்றாக இருக்கிறது, அடுத்த வாரம் எது வரும் என்ற இரண்டு கேள்விகளையும் நீங்கள் கேட்காமல் மகளைக் கேட்க விடுங்கள். முதல் மாதம் பதில் ஒற்றைச் சொல்லில் வரும். அப்போதும் போங்கள். உங்கள் அம்மா தேக்காவில் வாங்கியவராக இருந்தால், அவர் எந்தக் கடையில் வாங்கினார் என்று வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அந்தக் கடை இன்னும் இருக்கக்கூடும்.