இருபது நோய்க்கு ஒரு செடி – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பழைய மருத்துவ நூல்களை மொழிபெயர்ப்பில் படித்துவருகிறேன். எந்தச் செடியை எடுத்தாலும் தலைவலி முதல் பாம்புக்கடி வரை இருபது நோய்கள் தீரும் என்கிறார்கள். ஒரு கைப்பிடி உண்மைக்காக இவ்வளவையும் படிக்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நோய்ப் பட்டியலை நானும் வேகமாகத் தாண்டிவிடுவேன். முன்னோர் சொன்னதெல்லாம் கழிபடாமல் வந்து சேரும் இடம் அது. பறிப்பது, பிழிவது, கலப்படம் பற்றிய வரிகளில்தான் நின்று படிப்பேன்.

முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் அபினியைப் பற்றி எழுதியதைப் பாருங்கள். பனி உலர்ந்த பிறகே கசகசாக் காயைக் கீற வேண்டும். கத்தி உள்ளே இறங்கிவிடக் கூடாது. கசியும் பாலை விரலால் வழித்தெடுத்துவிட்டு, சற்றுக் கழித்துத் திரும்ப வர வேண்டும். அதில் பிசினையும் காட்டு லெட்டூஸின் பாலையும் கலந்து விற்பதைச் சொல்கிறார். அளவு மிஞ்சினால் ஆளைக் கொல்லும் என்பதையும். காயைக் கீறியவர்களிடம் கேட்காமல் இப்படி எழுத முடியாது.

சீனாவில் 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற மருத்துவ நூலாசிரியர் முறைக்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவைப் போல விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு, பல மருந்துகளை எழுதிவைத்தார். அவற்றில் ஒன்று: சிங்ஹாவ் செடி ஒரு கைப்பிடி, நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்க வேண்டும். கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. நம் காலத்தில் மலேரியா மருந்து தேடிய சீன விஞ்ஞானி து யூயூவின் குழுவுக்கு அந்தச் செடி முதலில் நிலையான பலன் தரவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்ற ஐயத்தை இந்த வரி எழுப்பியது. 1971இல் குறைந்த வெப்பத்தில், ஈதர் என்ற எளிதில் ஆவியாகும் கரைப்பானைக் கொண்டு சாரம் எடுத்தார்கள், பலித்தது. அந்தச் செடியிலிருந்து கிடைத்த ஆர்ட்டெமிசினின் மருந்துக்காக 2015இல் து யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் சொல்லும் கைப்பிடி எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாதே!

கோல்சிக்கம் என்ற பூச்செடியின் கிழங்கு இன்னும் சுவாரஸ்யம். இனிப்பாக இருக்கிறதென்று தின்றுவிடாதீர்கள், நச்சுக் காளானைப் போலக் கொல்லும் என்று டயோஸ்கோரிடீஸ் எச்சரித்தார். 6ஆம் நூற்றாண்டில் டிராலஸ் நகரத்து மருத்துவர் அலெக்சாண்டர் அந்த இனத்துக் கிழங்கையே மூட்டுவலிக்குக் கொடுத்தார். இருவருமே தவறவில்லை. அதிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட கோல்சிசின் இன்றும் கவுட் என்ற மூட்டு நோய்க்குத் தரப்படுகிறது. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது.

ஆகவே தாராளமாகப் படியுங்கள். எதையும் காய்ச்சியோ ஊறவைத்தோ குடித்துப் பார்த்துவிடாதீர்கள்.