அண்ணனை எந்த மையத்தில் சேர்ப்பது?

கேள்வி: என் அண்ணனுக்கு 41 வயது. பல வருடங்களாகக் குடிக்கிறார். இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கிறது. போன வருடம் தானாகவே நிறுத்திப் பார்த்தார். இரண்டாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. தூக்கத்துக்காக அல்பிரசோலம் மாத்திரையும் போட்டுக்கொள்கிறார் என்று அண்ணி சொல்கிறார். இணையத்தில் தேடினால் எங்கள் மாநிலத்திலேயே ஏகப்பட்ட மையங்கள் வருகின்றன. மூன்றைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒன்று, நூற்றுக்கு 95 பேர் குணமாகிறார்கள் என்று விளம்பரம் செய்யும் பெரிய தனியார் மையம். இரண்டாவது, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மூன்றாவது, குடியிலிருந்து மீண்டவர்களே நடத்தும் சின்ன விடுதி. எதை வைத்து ஒப்பிடுவது? அண்ணன் வர மறுத்தால் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போவதாக முதல் மையத்தில் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, மையங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "இன்றோடு நிறுத்து" என்று அண்ணனை யாரும் நெருக்க வேண்டாம். பாட்டிலை ஒளித்து வைப்பது, அறையில் போட்டுப் பூட்டுவது எதுவும் வேண்டாம். ஒரு மருத்துவரே இப்படிச் சொல்கிறாரே என்று திகைக்காதீர்கள்.

மது மூளையை மந்தப்படுத்தும். வருடக்கணக்கில் தினமும் அது உள்ளே போகும்போது, அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால் கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வரும். இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகத் தட்டிவிடுவார்கள், இருக்கும் இடம் தெரியாமல் எழுந்து ஓடப் பார்ப்பார்கள், காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். இதற்கு மருத்துவம் செய்யாமல் விட்டால் உயிரே போகலாம். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வரும் வாய்ப்பு அதிகம். இதற்கு மேல் அல்பிரசோலம் வேறு. அதைத் தினமும் போடுபவர் சட்டென்று நிறுத்தினால் அதனாலும் வலிப்பு வரும். ஆக, உங்கள் அண்ணனுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது.

எல்லாக் குடிநோயாளிகளுக்கும் இது பொருந்தாது. மிதமாகக் குடிப்பவர்கள் பலர் வீட்டில் இருந்தபடியே, வெளிநோயாளியாக வந்து போயே நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் அண்ணன் அந்த வகை இல்லை. முதல் வாரம் அவர் மருத்துவர் இருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

இப்போது ஒப்பிடுவதற்கு வருவோம். கட்டடம், ஏசி அறை, தோட்டம், யோகா வகுப்பு எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். மூன்று இடத்துக்கும் போன் செய்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "என் அண்ணன் நேற்று ராத்திரி வரை குடித்திருக்கிறார். முன்பு ஒருமுறை ஃபிட்ஸ் வந்திருக்கிறது. தூக்க மாத்திரையும் எடுக்கிறார். சேர்த்த முதல் ராத்திரி என்ன செய்வீர்கள்?"

நல்ல இடமென்றால் எதிர்முனையில் இருப்பவர் உங்களிடமே கேள்வி கேட்கத் தொடங்குவார். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், மாத்திரை எத்தனை மில்லிகிராம், சர்க்கரை உண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, ரத்த வாந்தி எடுத்தாரா என்றெல்லாம் கேட்பார். பிறகு, டாக்டர் பார்த்து டயஸெபாம் அல்லது லோரஸெபாம் போன்ற மருந்தை நடுக்கத்தின் அளவுக்கேற்பக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்போம், ராத்திரி நர்ஸ் சில மணிக்கு ஒருமுறை நாடியும் பிரஷரும் பார்ப்பார், பி1 வைட்டமின் ஊசி போடுவோம் என்கிற மாதிரி ஒரு பதில் வரும். இந்தப் பி1, அதாவது தயமின், சின்ன விஷயம் போலத் தெரியும். நீண்ட நாள் குடித்தவர்களின் உடம்பில் அது வற்றிக் கிடக்கும். அதைக் கவனிக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு நிரந்தர மறதி வரை போகலாம். தயமினைப் பற்றி அவர்களாகவே சொன்னால் அந்த இடத்தின் மேல் எனக்கு நம்பிக்கை கூடும்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க கூட்டிட்டு வாங்க", "ரெண்டு நாள் கத்துவாரு, அப்புறம் சரியாயிடும்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். முதல் ராத்திரியைப் பற்றிச் சொல்லத் தெரியாத இடத்தில் உங்கள் அண்ணனைச் சேர்க்க முடியாது.

அடுத்து அந்த 95 சதவீதம். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. போதை நோயில் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி பழக்கத்துக்குத் திரும்புகிறவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்று அமெரிக்காவின் தேசியப் போதை ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். மருந்தை விட்டால் நோய் தலைதூக்கும். அப்படியிருக்க 95 எங்கிருந்து வந்தது? டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் குடிக்காமல் இருப்பவர்களை எண்ணினால் எந்த மையத்துக்கும் அந்த எண்ணிக்கை வரும். அதுவரை உள்ளே குடிக்க வழியில்லையே! அவர்களிடம் கேளுங்கள்: "ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் குடிக்காமல் இருக்கிறார்கள்? அதை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?" நேர்மையான மையம் சொல்லும் எண்ணிக்கை 95-ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இணையத் தேடலிலும் கவனம் தேவை. 'சிறந்த மையங்கள்' என்று வரும் பட்டியல்களில் பல, நோயாளியை அனுப்பிவைத்துக் கமிஷன் வாங்குபவர்களின் வேலை. எத்தனை பெயரைத் தட்டினாலும் ஒரே ஆளிடம்தான் அழைப்பு போய்ச் சேரும். இந்த மோசடி முற்றித்தான் 2017-இல் கூகுள் நிறுவனமே போதை சிகிச்சை தொடர்பான பல தேடல்களுக்கு விளம்பரத்தைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் மாநில அரசின் சுகாதாரத் துறை வைத்திருக்கும் உரிமம் பெற்ற மையங்களின் பட்டியல். பெயர் அதில் இருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா, எதற்காகக் கொடுத்த உரிமம் என்று மூன்றையும் பாருங்கள். தங்கவைக்க மட்டும் அனுமதி வாங்கிவிட்டு மருத்துவமும் செய்கிற இடங்கள் உண்டு.

ஆள் அனுப்பித் தூக்கிப் போவதற்கு என் பதில்: கூடாது. நாலு பேர் கையைக் காலைப் பிடித்து வண்டியில் ஏற்றுவதற்குப் பெயர் சிகிச்சை இல்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் போதைப்பொருள் குற்றத்தடுப்பு அலுவலகமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட சிகிச்சைத் தர நெறிமுறைகளும் நோயாளியின் சம்மதத்தையும் மரியாதையையும் அடிப்படையாக வைக்கின்றன. மேலே சொன்ன மனக்குழப்ப நிலைக்கு ஒருவர் போய்விட்டால் அவர் சம்மதிக்கும் நிலையில் இருக்க மாட்டார். அப்போது தூக்கிக்கொண்டு போக வேண்டிய இடம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு, மறுவாழ்வு மையம் இல்லை. மற்ற நேரங்களில் பேசித்தான் ஆக வேண்டும். போன வருடம் தானாகவே நிறுத்திப் பார்த்தார் என்கிறீர்களே, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்கு விட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, வலிப்புதான் பயமுறுத்திவிட்டது. "இந்தத் தடவை ஃபிட்ஸ் வராமல் பார்த்துக்கொள்ள டாக்டர் இருப்பார்" என்று சொல்லிப் பாருங்கள். போதை தெளிந்து, அதிக நடுக்கமும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். திட்டு, கண்ணீர், சத்தியம் எதுவும் அந்தப் பேச்சில் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் வகுத்த ஒரு குடும்பப் பயிற்சி முறை இருக்கிறது. சிகிச்சைக்கு வர மறுப்பவரோடு வீட்டார் எப்படிப் பேசுவது, எதைப் பாராட்டுவது, எதிலிருந்து விலகி நிற்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். முரட்டுத்தனமாக எதிர்கொள்வதைவிட இது அதிகம் பேரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இந்த மாதிரி குடும்பத்தாருக்கும் கவுன்சலிங் உண்டா என்று மூன்று இடத்திலும் விசாரியுங்கள்.

நேரில் போகும்போது பார்க்க வேண்டியது சில உண்டு. உள்ளே இருப்பவர்கள் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். கழிப்பறை எப்படி இருக்கிறது, ஜன்னல் திறக்கிறதா, ராத்திரி டூட்டியில் யார் என்று பாருங்கள். ஒரு மாதம் வரை வீட்டார் பார்க்கக் கூடாது, போனும் கிடையாது, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அடி, மொட்டையடித்தல், கட்டிப்போடுதல் பற்றி ஒரு சின்னப் பேச்சு காதில் விழுந்தாலும் அப்படித்தான்.

அப்புறம், குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி ஒரு பொடியோ மாத்திரையோ யாராவது கொடுப்பார்கள். வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்கும் அபாயம் உண்டு. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு இதயமே நிற்கலாம். தெரிந்து, ஒப்புக்கொண்டு, டாக்டர் மேற்பார்வையில் எடுப்பவருக்கு அது நல்ல மருந்துதான். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. ஈரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துவிட்டு எது பொருந்தும் என்று முடிவு செய்வார்கள். "நாங்கள் மருந்தே கொடுப்பதில்லை, மன உறுதியால் குணப்படுத்துகிறோம்" என்று பெருமையாகச் சொல்லும் மையத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது ஹெராயின் அல்லது அபின் வகை வலிமாத்திரைப் பழக்கம் இருந்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில வாரம் நிறுத்திய பிறகு உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து முன்பு எடுத்த அளவையே எடுப்பவர்கள் மூச்சு நின்று இறந்துபோகிறார்கள். புப்ரெனோர்ஃபின், மெதடோன் என்ற மருந்துகளைத் தொடர்ந்து கொடுப்பது இந்தச் சாவைக் குறைக்கிறது. 2005 முதல் இவை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றைக் கொடுக்காத மையம் இந்த நோய்க்கு ஏற்ற இடம் ஆகாது.

சரி, உங்கள் மூன்றில் எது? எனக்கு இவை மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டியாகத் தெரியவில்லை. முதல் வாரம், தேவைப்பட்டால் பத்து நாள், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. வலிப்பு வந்தால் பார்க்க அங்கே டாக்டர், ஆய்வகம், அவசரப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். பல வருடக் குடிக்கு அடியில் மனச்சோர்வோ பதற்ற நோயோ இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம். அந்தத் தூக்க மாத்திரை ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பதில் அங்கேதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதைக் குறைக்கப் பல வாரங்கள் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

நடுக்கம் அடங்கி, தூக்கமும் சாப்பாடும் திரும்பியபின் அந்தச் சின்ன விடுதி. அதை இளக்காரமாக நினைத்துவிடாதீர்கள். மீண்டவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்வது எங்கள் மாத்திரையால் முடியாத காரியம். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் இப்படிப் பேசிக்கொண்டதிலிருந்துதான் குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பிறந்தன. விடுதிக்காரர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தைத் தொடர விடுவார்களா? உடம்புக்கு முடியாமல் போனால் எந்த மருத்துவமனைக்கு, யார் கூட்டிப் போவார்கள்? இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.

எத்தனை நாள் என்ற கேள்வி அடுத்து வரும். 30 நாள் பேக்கேஜ் என்பது கணக்குப் பார்க்க வசதியான எண், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சையில் பலன் குறைவு என்பது பொதுவான அனுபவம். அத்தனை நாளும் உள்ளேயே தங்க வேண்டும் என்பதில்லை. வெளியே வந்தபின் யார் போன் செய்வார்கள், அடுத்த சந்திப்பு எந்தத் தேதி, மறுபடி குடித்துவிட்டால் திட்டாமல் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா? மையங்களை ஒப்பிடும்போது முதல் ராத்திரிக் கேள்விக்கு அடுத்தபடியாக நான் கேட்பது இவைதான்.

அண்ணியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடமும் அவர் என்ன பாடுபட்டாரோ! குடிப்பவர்களின் வீட்டாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் 1951 முதல் நடக்கின்றன. அண்ணன் சிகிச்சைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அண்ணி போகலாம். கூட நீங்களும் போங்கள்.

சேர்க்கும் நாளில் அவருடைய மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், தீர்ந்துபோன காலி அட்டைகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். போன வருடம் வலிப்பு எந்த நேரம் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, தலையில் அடிபட்டதா என்று ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்பதை அதன் முதல் வரியாக எழுதுங்கள்.