‘நான்’ என்ற சொல்லைத் தேடினால் போதுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: “ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் ஒரு கதைப்பகுதியைக் கொடுத்து, இதைச் சொல்பவர் யார் என்று கேட்டால், ‘நான்’ என்ற சொல்லைத் தேடுகிறாள். இருந்தால் தன்மை, இல்லாவிட்டால் படர்க்கை என்று எழுதிவிடுகிறாள். பல விடைகள் தவறாகின்றன. வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?”

எழுவாயை விட்டுவிட முடியாத ஆங்கிலத்தில் இந்த வழி ஓரளவுக்கு உதவும். தமிழில் வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால், எழுவாய் பல இடங்களில் வெளிப்படுவதே இல்லை. “பேருந்தைவிட்டு இறங்கினேன். மாட்டுத்தாவணியில் கூட்டம் நெரிந்தது. பையைத் துழாவினேன், பணம் இல்லை.” இதில் ‘நான்’ ஓரிடத்திலும் இல்லை, ஆயினும் ‘ஏன்’ விகுதியால் இது தன்மை. “செல்வி பேருந்தைவிட்டு இறங்கினாள். நான் பணத்தைத் தொலைத்துவிட்டேன் என்று அழுதாள்.” இதில் ‘நான்’ இருக்கிறது, ‘ஏன்’ விகுதியும் இருக்கிறது, ஆனால் சொல்பவர் செல்வி அல்லர். ஆகவே, மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் ‘என்று’ என்பதற்கு முன்னால் வரும் பேச்சையும் பென்சிலால் அடித்துவிட்டு, எஞ்சிய வினைமுற்றுகளின் விகுதிகளுக்கு மட்டும் கோடிடச் சொல்லுங்கள். முன்னிலையில் சொல்லப்படும் கதைகள் மிகக் குறைவு என்பதால் அதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

விகுதியைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கதை யாருடைய மனத்துக்குள் நுழைகிறது என்பதே கடினமான கேள்வி, பள்ளியில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். “அப்பா கோபமாக இருப்பதுபோல் முருகனுக்குத் தோன்றியது” என்ற வாக்கியத்தில் நாம் முருகனோடு நிற்கிறோம். அப்பாவின் மனம் நமக்கு மூடியிருக்கிறது. “அப்பாவுக்குக் கோபம் இல்லை, கடனைப் பற்றிய கவலைதான், அது முருகனுக்குத் தெரியவில்லை” என்றால் சொல்பவர் இருவர் மனத்தையும் அறிந்தவர். இரண்டும் படர்க்கையே. ‘போல்’, ‘தோன்றியது’, ‘போலும்’ போன்ற சொற்களைக் கண்டால், இப்படித் தோன்றுவது யாருக்கு என்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள்.

படர்க்கையில் உள்ள ஒரு பத்தியைத் தன்மைக்கு மாற்றி எழுதச் செய்வது நல்ல பயிற்சி. ‘இறங்கினாள்’ என்பது ‘இறங்கினேன்’ என்று எளிதாக மாறிவிடும். ஆனால் “அவள் முகம் வெளுத்தது” என்ற இடத்தில் பிள்ளை தடுமாறும். தன் முகம் வெளுத்ததைத் தானே பார்க்க முடியாது, நெஞ்சு படபடத்ததைத்தான் சொல்ல முடியும். அந்தத் தடுமாற்றத்தை அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். அவளே கண்டுபிடிக்கட்டும்.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்கள் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று சொல்பவரைக் குறிப்பிட்டே நமக்குக் கிடைக்கின்றன, ‘யாருடைய கூற்று?’ என்று கேட்டால் பிள்ளைக்கு எளிதில் விளங்கும்.

மதுரைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கண்ணகி வழக்குரைத்த கதை தெரிந்திருக்கும் என்பதால், அதை அரண்மனை வாயிற்காவலன் சொல்வதாக அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒற்றைச் சிலம்போடு சினந்து நிற்கும் பெண்ணை அவன் பார்க்கிறான். அரசனிடம் போய்ச் சொல்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பதோ, கண்ணகியின் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கப் பரல் என்பதோ வாயிலில் நிற்கும்போது அவனுக்குத் தெரியாது. உங்கள் மகள் அந்த இடத்திலேயே மாணிக்கத்தைப் பற்றி எழுதிவிட்டால் அடித்துத் திருத்த வேண்டாம், “இது காவலனுக்கு எப்படித் தெரிந்தது?” என்று மட்டும் கேளுங்கள்.